ஒரே ட்யூனுக்கு ஏழு பேரு, ஒரே பேருக்கு மூணு ட்யூன்: ஃபைஃப், ஃபிடில் மெட்டுகள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சின்ன வயசுல கர்நாடக வயலின் கத்துக்கிட்டு பாதியில விட்டவன். வேலைக்காக அமெரிக்கா வந்து கனெக்டிகட் பக்கம் தங்கினப்புறம் திரும்ப வயலினை கையில எடுத்தேன், ஆனா இந்த தடவை கச்சேரிக்கு இல்ல, பக்கத்து டவுன்ல வாரா வாரம் கூடுற ஐரிஷ் செஷனுக்கு, அதாவது தெரிஞ்சவங்க எல்லாம் சேர்ந்து உக்காந்து ஐரிஷ் மெட்டு வாசிக்கற கூட்டத்துக்கு. அப்போலேர்ந்து வயலின் கத்துக்கற நம்ம பசங்களும் அவங்க அப்பா அம்மாவும் கேட்டுக்கிட்டே இருக்காங்க, முக்காவாசி கேள்வி பேர்க் குழப்பம் பத்தி தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாட்ஸப்ல டைப் பண்ணி கை வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன்.

ஃபைஃப்னா என்ன, புல்லாங்குழலா?

ஆமா, குறுக்க வச்சு ஊதுற சின்ன மரக்குழல். ஒன்றரை அடிக்கும் கொஞ்சம் கம்மியா இருக்கும், விரல் வைக்க ஆறு ஓட்டை, சாவி கீவி எதுவும் கிடையாது. உள்துளை ரொம்ப குறுகல், அதனால கீழ் ஸ்தாயி கரகரன்னு இருக்கும், மேல போகப் போக காதை கிழிக்கும். கிழிக்கணும்னு தான் அப்படி செஞ்சிருக்காங்க, ஏன்னா பக்கத்துலயே டிரம் அடிக்கறப்போ மைதானத்தோட அந்த மூலைல நிக்கற சிப்பாய்க்கும் கேக்கணும். அந்தக் காலத்துல பட்டாளத்துல காலைல எழுப்பறது, சாப்பாட்டுக்கு கூப்பிடறது, ராத்திரி படுக்கச் சொல்றது எல்லாம் ஃபைஃபும் டிரம்மும் தான் பண்ணும்.

ஃபிடிலும் வயலினும் வேற வேறயா?

ஒண்ணு தான். வாசிக்கற விதமும் வாசிக்கற இடமும் தான் வேற.

ஃபைஃப் பட்டாளத்து வாத்தியம், ஃபிடில் டான்ஸ் வாத்தியம், ரெண்டையும் ஏன் சேர்த்தே பேசறீங்க?

ட்யூன்கள் ரெண்டுக்கும் நடுவுல போயிட்டு வந்துட்டே இருந்ததால தான். கிளாஸ்கோல ஜேம்ஸ் ஏர்ட்னு ஒருத்தர் 1782-ல ஒரு மெட்டுத் தொகுப்பு போட்டார், அதோட அட்டையிலயே ஃபைஃப், வயலின், ஜெர்மன் ஃப்ளூட் மூணுக்கும் ஏத்த மாதிரின்னு போட்டிருக்கும். வியாபாரம் பண்றவனுக்கே தெரிஞ்சிருக்கு வாங்கறவங்க யாருன்னு. பகல்ல மார்ச் வாசிச்சவன் சாயங்காலம் கூடாரத்துல டான்ஸுக்கு வாசிப்பான், சண்டை முடிஞ்சு ஊருக்குப் போனா அங்க கல்யாணத்துக்கு வாசிப்பான். ஃபிடில்காரங்க அதிகமா வாசிக்கற டி, ஜி ரெண்டு கீயும் (நம்ம சுருதி மாதிரி) ஆறு ஓட்டை குழல்ல சுலபமா விழும்ங்கறது இன்னொரு காரணம்.

சாமுவேல் பேயர்ட்னு ஒரு பேராசிரியர், பென்சில்வேனியா ஸ்டேட் யூனிவர்சிட்டில இருந்தவர். அந்த மாநிலத்தோட தென்மேற்கு மலைப்பக்கம் வயசான ஃபிடில்காரங்க, ஃபைஃப்காரங்க வீடு வீடா போய் கேட்டு எழுதினார். 1944-ல ஒரு புக், 1982-ல அதைவிட பெரிய புக், அந்த ரெண்டாவதோட தலைப்பே ஃபிடிலுக்கு ஆடு, ஃபைஃபுக்கு நட அப்படிங்கற அர்த்தத்துல இருக்கும். ட்யூன்களை குடும்பம் குடும்பமா பிரிச்சு பாக்கணும்னு சொன்னவர் அவர் தான். ஒரு ட்யூனுக்கு கீழ அவர் போட்டிருக்கற மாத்துப் பேர் வரிசையை பாத்தா நமக்கு தலை சுத்தும், நான் மொத தடவை பாத்தப்போ புக்கை மூடி வச்சிட்டேன்.

பேர் ஏன் மாறுது? நம்ம கிருதிக்கு அப்படி மாறறதில்லையே?

நல்ல கேள்வி, எனக்கும் ரொம்ப நாள் இது புரியல. நம்ம பக்கம் "வாதாபி கணபதிம்"னு சொன்னா அது பாட்டோட பல்லவி முதல் வார்த்தை, அதாவது பேரு பாட்டுக்குள்ளயே உக்காந்திருக்கு, எடுத்து பாடினாலே பேர் வந்துடும், அப்புறம் எப்படி மாறும்? இந்த ட்யூன்ல வார்த்தையே கிடையாது. டான்ஸுக்கும் நடைக்கும் வாசிக்கற வெறும் ஸ்வரம். பேரை பிடிச்சு வைக்க அதுக்குள்ள ஒரு கொக்கி கூட இல்ல. பயணப் பெட்டில ஒட்டற லேபிள் மாதிரி தான், ஊர் மாறினா பழசை கிழிச்சுட்டு புதுசு ஒட்டிடுவாங்க.

யார் ஒட்டறாங்கன்னா, கத்துக்கிட்டவன் யார்கிட்ட கத்துக்கிட்டானோ அவர் பேரை வச்சிடுவான். பிரபு வீட்டுல சம்பளம் வாங்கற ஃபிடில்காரர் பிரபு பொண்ணு பேரை வைப்பார். சண்டை ஜெயிச்சா சண்டை பேரு. யாராவது ரெண்டு வரி கேலிப்பாட்டு கட்டி விட்டா அந்த வரி. காதுல தப்பா விழுந்தது கூட பேர் தான். அதுக்கப்புறம் ரெக்கார்ட் கம்பெனி வந்தப்போ லேபிள்ல ஏதாவது அச்சடிச்சே ஆகணுமே, அன்னிக்கு ஸ்டூடியோல வாசிச்சவர் வாய்ல வந்த பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. 1934-ல நியூயார்க்ல மைக்கேல் கோல்மன்ங்கற ஐரிஷ் ஃபிடில்காரர் தார்போல்டன், லாங்ஃபோர்ட் கலெக்டர், செய்லர்ஸ் பானட் மூணு ரீலையும் (ரீல்னா வேகமான டான்ஸ் மெட்டு வகை) சேர்த்து ஒரு ரெக்கார்ட் கொடுத்தார், இன்னிக்கும் பாதி செஷன்ல அந்த மூணையும் அதே வரிசைல அதே பேர்ல தான் வாசிக்கறாங்க.

தப்பா காதுல விழுந்து மாறின பேருக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க.

மணி மஸ்க். நியூ இங்கிலாந்து பக்கம் வரிசையா நின்னு ஜோடி ஜோடியா ஆடற காண்ட்ரா டான்ஸுக்கு ரொம்ப பிரபலம். பேரைக் கேட்டா பணமும் கஸ்தூரியும் மாதிரி இருக்கும், ஏதோ கடல் வியாபாரி கதைன்னு நினைச்சிட்டு இருந்தேன். உண்மைல மோனிமஸ்க்ங்கறது ஸ்காட்லாந்துல அபர்டீன்ஷயர் பக்கம் ஒரு ஊர். 1776 வாக்குல டேனியல் டோங்கற ஸ்காட்லாந்துக்காரர் அந்த ஊர் பிரபு சர் ஆர்ச்சிபால்ட் கிரான்ட் பேர்ல ஒரு ரீல் போட்டார், முழுப் பேரு "மோனிமஸ்க் சர் ஆர்ச்சிபால்ட் கிரான்ட்டோட ரீல்". நீளமா இருக்குன்னு மொதல்ல பிரபு போனாரு, அப்புறம் கடல் தாண்டினதும் ஊரும் போச்சு, பணம் மட்டும் மிச்சம்.

இன்னொண்ணு ஃபிஷர்ஸ் ஹார்ன்பைப். லண்டன் தியேட்டர்ல டான்ஸ் மாஸ்டரா இருந்த ஃபிஷார் 1780 வாக்குல போட்ட தொகுப்புல இது வெறும் நம்பர் போட்ட ஹார்ன்பைப் (அதுவும் ஒரு டான்ஸ் மெட்டு வகை தான்), வேற பேரே இல்ல. ஜனங்க அவர் பேரை ஒட்டினாங்க, அப்புறம் அந்தப் பேரு மீன்பிடிக்கறவர்னு அர்த்தம் ஆகிப் போய் சில ஊர்ல ஃபிஷர்மென்ஸ் ஹார்ன்பைப். பாவம், நாடக மேடை மனுஷனை வலை வீச வச்சிட்டாங்க.

"மிஸ் மெக்லவுட்" தான் "அங்கிள் ஜோ"ன்னு ஒருத்தர் சொன்னார், நிஜமா?

நிஜம். ஸ்காட்லாந்துல நீல் கோங்கற ஃபிடில்காரரோட குடும்பம் வெளியிட்ட அஞ்சாவது தொகுப்புல, 1809-ல, இது ராசே தீவு மெக்லவுட் குடும்பத்துப் பெண் பேர்ல இருக்கு, ஸ்கை தீவு ரீல்னு குறிப்பும் இருக்கு. அயர்லாந்து போச்சு, அங்க மிஸ்ஸா மிஸஸ்ஸாங்கறதுல மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். அமெரிக்கா வந்ததும் அதுக்கு கேலி வரி கட்டி பாட ஆரம்பிச்சாங்க, அங்கிள் ஜோங்கறவரைப் பாத்து கேள்வி கேக்கற மாதிரி, அதோட "ஹாப் ஹை லேடீஸ்"னு டான்ஸ் ஆடறவங்களுக்கு உற்சாகம் கொடுக்கற வரி. அவ்ளோ தான், பிரபு வீட்டு பொண்ணு போய் கிராமத்து மாமா வந்துட்டார். மெட்டை ரெண்டையும் பக்கத்துல வச்சு வாசிச்சா முதல் நாலு பார்லயே (பார்னா ஒரு தாளச் சுத்து) தெரிஞ்சிடும்.

இதே மாதிரி ஸ்காட்லாந்துல "பேய் புகுந்த தையக்காரங்க"ன்னு அர்த்தம் வர்ற ஒரு ரீல், அமெரிக்கால டெவில்ஸ் ட்ரீம் ஆச்சு. இங்க பேய் மட்டும் கப்பல் ஏறிச்சு, தையக்காரங்க வரல.

ரொம்ப தூரம் சுத்தின ட்யூன் எது?

எனக்குப் பிடிச்சது டவுன்ஃபால் ஆஃப் பாரிஸ். இதை கொஞ்சம் விரிவா சொல்லணும்.

பிரான்ஸ்ல பெகூர்னு ஒரு ஃபிடில்காரர் போட்ட ஜாலியான டான்ஸ் மெட்டு. புரட்சி வந்தது. 1790-ல அதே மெட்டுக்கு வார்த்தை போட்டு "சா இரா"ன்னு தெருவுல பாட ஆரம்பிச்சாங்க, எல்லாம் சரியாப் போகும்ங்கற மாதிரி அர்த்தம், அப்புறம் நாளாக நாளாக பிரபுக்களை விளக்குக் கம்பத்துல தொங்கவிடுன்னு வரி மாறிச்சு. ராஜா ராணி தலை போன காலத்து பாட்டு அது.

1793 மே மாசம் ஃபாமார்ஸ்ங்கற இடத்துல பிரிட்டிஷ்காரங்களுக்கும் பிரெஞ்சுக்காரங்களுக்கும் சண்டை. பிரெஞ்சு பட்டாளம் இந்த பாட்டை வாசிச்சு வேகம் ஏத்திட்டு நிக்குது. பிரிட்டிஷ் 14-ஆவது ரெஜிமென்ட் கர்னல் டாயில் தன்னோட பேண்டையும் அதே ட்யூனை வாசிக்கச் சொல்லி, அவனுங்க ட்யூன்லயே அவனுங்களை உடைக்கலாம் வாங்கடான்னு ஆளுங்களை கூட்டிட்டு போனாராம். ஜெயிச்சாங்க. அதுலேர்ந்து அந்த ரெஜிமென்டோட நடை மெட்டே "சா இரா" ஆச்சு. ராஜாவோட சிப்பாய் ராஜாவைக் கொன்ன பாட்டுக்கு நடக்கறான், யோசிச்சுப் பாருங்க.

பிரிட்டிஷ் பக்கம் ஃபைஃப்காரங்க கையில வந்தப்போ பேரு "டவுன்ஃபால் ஆஃப் பாரிஸ்", பாரிஸ் வீழ்ச்சி. பாரிஸ்ல பிறந்த ட்யூனுக்கே பாரிஸ் ஒழிஞ்சதுன்னு பேரு. அமெரிக்கால ஃபைஃப் டிரம் குழுக்கள்ல இது இன்னிக்கும் டிரம்காரனோட பரீட்சை பீஸ், சரியா அடிச்சா தான் ஆளுன்னு ஒத்துப்பாங்க. அயர்லாந்துல இதே பேர்ல தனி ஆட்டத்துக்கு வாசிக்கற ஒரு செட்டிங், அதாவது வேற வடிவம், இருக்கு.

அங்கேர்ந்து தெற்கு அமெரிக்க ஃபிடில்காரங்க கைக்கு வந்து "மிஸிஸிப்பி சாயர்" ஆச்சு. சாயர்னா மரம் அறுக்கறவன்னும் சொல்லலாம், ஆனா மிஸிஸிப்பி ஆத்துல அதுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. வேரோட பேர்த்துக்கிட்டு வந்த பெரிய மரம் அடியில சிக்கிக்கும், தண்ணி இழுப்புல தலை மட்டும் மேல கீழ மேல கீழ ரம்பம் மாதிரி ஆடும், ஸ்டீமர் அதுல மோதினா அடிப்பாகம் கிழிஞ்சிடும். எனக்கு அந்த ரெண்டாவது அர்த்தம் தான் பிடிச்சிருக்கு, ஏன்னா ட்யூனே அப்படி தான் குதிச்சு முங்கும். பிரெஞ்சு டான்ஸ், புரட்சிப் பாட்டு, பிரிட்டிஷ் மார்ச், ஆத்து மரம், நாலு லேபிள். பாரிஸ்ங்கற வாசனையே கடைசில இல்ல.

அரசியலுக்காக பேரை மாத்தினாங்களா?

நிறைய. அயர்லாந்துல "பாய்ன் வாட்டர்"னா 1690-ல வில்லியம் ராஜா கத்தோலிக்க ஜேம்ஸை தோக்கடிச்ச பாய்ன் ஆத்துச் சண்டை பத்தின பாட்டு, புராட்டஸ்டன்ட்காரங்களோட ஆரஞ்சு ஊர்வலத்துல லாம்பெக்ங்கற ராட்சச டிரம்மோட ஃபைஃப்ல முழங்கும். அதே மெட்டுக்கு தெற்கு அயர்லாந்துல 18-ஆம் நூற்றாண்டுல பியாரஸ் மேக் ஜெரால்ட்ங்கற கவிஞர் ஐரிஷ் மொழில பாட்டு எழுதினார், பேரு "ரோஸ்க் காஹா ன மூன்", மன்ஸ்டரோட போர் முழக்கம், தோத்த பக்கத்தோட நம்பிக்கைப் பாட்டு. ஒரே ஸ்வரம், ரெண்டு பக்கமும் தங்களோடதுன்னு நினைக்கும். ஸ்வரத்துக்கு கட்சி கிடையாதேன்னு என் செஷன் நண்பர் ஒருத்தர் சொல்வார், ஆனா பெல்ஃபாஸ்ட்ல தப்பான தெருவுல வாசிச்சா அந்த தத்துவம் உதவாதுன்னும் அவரே சொல்வார்.

அமெரிக்கால 1800 தேர்தல் சமயம் ஜெஃபர்சனுக்காக "ஜெஃபர்சன் அண்ட் லிபர்ட்டி"ன்னு பிரச்சாரப் பாட்டு வந்தது. மெட்டு "தி காபி ஓ"ங்கற பழைய ஐரிஷ் ஜிக், ஜிக்ங்கறதும் டான்ஸ் மெட்டு வகை தான். ஜெஃபர்சன் ஜெயிச்சாச்சு, பதவி முடிஞ்சாச்சு, ஆனா நியூ இங்கிலாந்துல அந்த ஜிக்கை இன்னும் ஜெஃபர்சன் பேர்ல தான் வாசிக்கறாங்க. "வேரிங் ஆஃப் தி க்ரீன்", "ரைசிங் ஆஃப் தி மூன்" ரெண்டும் ஒரே மெட்டு, இதுவும் கேக்கறாங்க அப்பப்போ.

ஒரே பேருக்கு வேற வேற ட்யூன் வர்றது எப்படி?

இது தான் நிஜமான ஆபத்து. என் கதையே சொல்றேன். செஷனுக்கு போய் ரெண்டாவது மாசம், கொஞ்சம் தைரியம் வந்து, "ப்ளாக்பெரி ப்ளாசம் வாசிக்கலாமா"ன்னு கேட்டேன். எல்லாரும் தலையாட்டினாங்க. நான் வீட்ல பழகினது அமெரிக்க ட்யூன், ஆர்தர் ஸ்மித்னு ஃபிடில்காரரால பிரபலமானது. அங்க இருந்தவங்க எல்லாருக்கும் அந்தப் பேர்னா ஐரிஷ் ரீல். நான் ஒரு பக்கம், எட்டு பேர் இன்னொரு பக்கம், நாலு பார் வரைக்கும் யாரும் நிறுத்தல, அந்த சத்தத்தை என்னால இன்னும் மறக்க முடியல. அப்புறம் தான் தெரிஞ்சது கென்டக்கில இதே பேர்ல மூணாவது ட்யூன் வேற இருக்கு, அதை "கார்ஃபீல்ட்ஸ் ப்ளாக்பெரி ப்ளாசம்"னு பிரிச்சு சொல்வாங்க, உள்நாட்டுப் போர் சமயம் அங்க இருந்த கார்ஃபீல்ட், பின்னாடி ஜனாதிபதி ஆனவர், விசில் அடிச்ச ட்யூன்னு ஒரு கதையோட. கதையை நம்பறது உங்க இஷ்டம்.

நெப்போலியன் பேர்ல இருக்கறது இன்னும் மோசம். போனபார்ட் பின்வாங்கறது, ரைன் ஆத்தை தாண்டறது, ஆல்ப்ஸ் மலையை தாண்டறதுன்னு மார்ச் மார்ச்சா இருக்கு, ஒரு ஊர்ல ஆத்தை தாண்டின ட்யூன் இன்னொரு ஊர்ல மலையை தாண்டும். "போனபார்ட்ஸ் ரிட்ரீட்"டை நிறைய பேர் மெதுவா, தந்தியை டி-க்கு இறக்கி பேக்பைப் மாதிரி ஒலிக்க விட்டு வாசிப்பாங்க. கென்டக்கில வில்லியம் ஸ்டெப் மட்டும் அதை பயங்கர வேகத்துல வாசிச்சார், 1937-ல நாட்டுப்பாட்டு சேகரிச்ச ஆலன் லோமாக்ஸ் அதை ரெக்கார்ட் பண்ணார், அந்த ரெக்கார்டை ரூத் க்ராஃபோர்ட் சீகர் ஸ்வரம் ஸ்வரமா எழுதி வச்சாங்க, அதை எடுத்து இசையமைப்பாளர் ஏரன் கோப்லண்ட் 1942-ல தன்னோட ரோடியோ பாலேல "ஹோ-டவுன்" பகுதிக்கு வச்சுக்கிட்டார். பின்னாடி அது மாட்டுக்கறி விளம்பரத்துல வந்தது. இப்போ அமெரிக்கால பாதி பேருக்கு அது "அந்த பீஃப் விளம்பர ம்யூசிக்". மாஸ்கோலேர்ந்து பின்வாங்கின நெப்போலியன் நேரா டின்னர் தட்டுக்கு வந்துட்டார்.

யார்க்டவுன் சரணடைஞ்சப்போ "வேர்ல்ட் டர்ன்ட் அப்சைட் டவுன்" வாசிச்சாங்கன்னு பள்ளிக்கூட புக்ல இருக்கே?

இருக்கு, என் பொண்ணு புக்லயும் இருக்கு. 1781 அக்டோபர் 19, அமெரிக்க சுதந்திரப் போர்ல பிரிட்டிஷ் பட்டாளம் யார்க்டவுன்ல ஆயுதத்தை கீழ வச்ச நாள். சரணாகதி ஒப்பந்தத்துல கொடியை சுருட்டிட்டு, பிரிட்டிஷ் இல்லாட்டி ஜெர்மன் மார்ச் வாசிச்சுட்டு வரணும்னு எழுதியிருக்கு, முந்தின வருஷம் சார்ல்ஸ்டன்ல அமெரிக்கர்களை இவங்க அவமானப்படுத்தினதுக்கு பதிலடி. எந்த மார்ச்னு அதுல இல்ல. உலகம் தலைகீழான ட்யூன்னு கதை அச்சுல வர்றது 1828-ல, அலெக்சாண்டர் கார்டன் போட்ட புரட்சிக் கால நினைவுத் தொகுப்புல. நாப்பத்தேழு வருஷம் கழிச்சு.

சரி, உண்மைன்னே வச்சுப்போம், எந்த ட்யூன்? அங்க தான் சிக்கல். 1640-கள்ல இதே தலைப்புல ஒரு தெருப்பாட்டு, மெட்டு "ராஜா மறுபடி தன்னுடையதை அனுபவிக்கும்போது"ங்கற பாட்டோடது. ஆனா 18-ஆம் நூற்றாண்டுல அந்தத் தலைப்புல வேற மெட்டுகளும் இருந்தது. அதனால ஒவ்வொரு ஃபைஃப் குழுவும் ஒரு ட்யூனை வாசிச்சுட்டு இது தான் யார்க்டவுன் ட்யூன்னு சொல்லும். நான் வாதாடறதில்ல, கேட்டுட்டு கை தட்டிடுவேன்.

பேரே மாறாத ட்யூன் இருக்கா?

சோல்ஜர்ஸ் ஜாய் கிட்டத்தட்ட. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காண்டினேவியா, அமெரிக்கா எங்க போனாலும் ட்யூன் இருக்கும், பெரும்பாலும் பேரும் கூடவே வரும், அமெரிக்கால மட்டும் சில பேர் "பே டே இன் தி ஆர்மி"ன்னு பாடுவாங்க, சம்பள நாள் சந்தோஷம். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல காயம்பட்டவங்களுக்கு கொடுத்த மார்ஃபின் தான் "சிப்பாயோட சந்தோஷம்"னு ஒரு கதை சுத்துது. ஆனா ஸ்காட்லாந்து கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-லயே இந்த மெட்டுக்கு இந்தப் பேரைப் போட்டு பாட்டு எழுதிட்டார், அப்போ மார்ஃபினை யாரும் பிரிச்சே எடுக்கல. நல்ல கதை, கணக்கு தான் இடிக்குது.

டுராங்ஸ் ஹார்ன்பைப்பும் நிலையா இருக்கு. 1785-ல நியூயார்க்ல ஹாஃப்மாஸ்டர்ங்கற ஜெர்மன் வயலின்காரர் ஜான் டுராங்ங்கற டான்ஸருக்காக போட்டது, டுராங்கே எழுதி வச்சிருக்கார்.

பட்டாளத்துல ட்யூன் பேரை சொல்லியா கூப்பிடுவாங்க?

எதுக்கு வாசிக்கறாங்களோ அதான் பேரு. "ரோஸ்ட் பீஃப்" கேட்டா மத்தியான சாப்பாடு, "பீஸ் அபான் எ ட்ரென்சர்" கேட்டா காலை சாப்பாடு, தட்டுல பட்டாணின்னு அர்த்தம். ரோஸ்ட் பீஃப் உண்மைல 1731-ல ஒரு நாடகத்துக்கு எழுதின இங்கிலீஷ் தேசபக்திப் பாட்டு, அமெரிக்க சிப்பாய்க்கு அதெல்லாம் எதுக்கு, தட்டை எடுத்துட்டு ஓடுவான். "ரோக்ஸ் மார்ச்" கேட்டா யாரையோ அவமானப்படுத்தி பட்டாளத்தை விட்டு துரத்தறாங்க.

"கேர்ள் ஐ லெஃப்ட் பிஹைண்ட் மீ" பட்டாளம் ஊரை விட்டு கிளம்பறப்போ. இதுக்கு இங்கிலாந்துல ப்ரைட்டன் கேம்ப்னு பேரு, அயர்லாந்துல ஊர் ஊரா போய் கூலி வேலை பாக்கறவன் பாடற "ஸ்பால்பீன் ஃபானக்", டப்ளின்ல "வாக்ஸிஸ் டார்கிள்"ங்கற குஷிப் பாட்டு. பிரிஞ்சு போறவன், கூலிக்காரன், குடிக்கப் போறவன் மூணு பேருக்கும் ஒரே மெட்டு.

இதுல எது சரியான பேரு?

இந்தக் கேள்வியை நான் ரொம்ப நாள் கேட்டுட்டு இருந்தேன், இப்போ விட்டுட்டேன். அச்சுல மொதல்ல வந்தது தான் ஒரிஜினல்னு சொல்ல முடியாது, அச்சுல வர்றதுக்கு முன்னாடி ஐம்பது வருஷம் யாரோ வேற பேர்ல வாசிச்சிருக்கலாம். எந்த ஊர்ல, எந்த வருஷம், எந்தப் பேருன்னு கேட்டா பதில் உண்டு.

ஆனா சில பேரை வேணும்னே விடறதும் சரி தான். "டர்க்கி இன் தி ஸ்ட்ரா" எல்லாருக்கும் தெரியும், குழந்தைங்க ஐஸ்க்ரீம் வண்டில கேக்கறது. 1830-கள்ல வெள்ளைக்காரங்க மூஞ்சில கரி பூசிட்டு கறுப்பர்களை கேலி பண்ற மேடைகள்ல அது "ஜிப் கூன்"ங்கற கேவலமான பேர்ல ஓடிச்சு. வரலாற்றை மறைக்கச் சொல்லல, புக்ல இருக்கட்டும், ஆனா ஊர் கூடி ஆடற இடத்துல அந்தப் பேரை அறிவிக்க வேண்டிய அவசியம் இல்ல.

பேரே இல்லாத ட்யூன்?

ஐரிஷ் ரெக்கார்டுகள்ல "கான் அன்யிம்"னு போட்டிருக்கும், பேர் இல்லைன்னு அர்த்தம். புதுசா வர்றவங்க அதையே பேர்னு நினைச்சு, கான் அன்யிம் ரொம்ப நல்லா இருக்கு சார்னு சொல்லிடுவாங்க. நானும் சொல்லியிருக்கேன்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் சம்பந்தம் ஏதாவது?

இருக்கு, அதுவும் நேரடியா. முத்துசுவாமி தீட்சிதரோட நோட்டுஸ்வர சாகித்யங்கள். தீட்சிதர் குடும்பம் மணலில இருந்தப்போ சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைல பிரிட்டிஷ் பேண்ட் வாசிக்கறதைக் கேட்டாங்கன்னும், தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டார்னும் சொல்வாங்க. அந்த பேண்ட் மெட்டுகளுக்கு தீட்சிதர் சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்டார், 40-க்கு பக்கம் இருக்கு, எல்லாம் சங்கராபரணம். "சந்ததம் பாஹிமாம்" காட் சேவ் தி கிங்னு நிறைய பேருக்கு தெரியும். "வந்தே மீனாக்ஷி" என்ன தெரியுமா, ரேக்ஸ் ஆஃப் மாலோ, அயர்லாந்து கார்க் பக்கம் மாலோ ஊர் குடிகார மைனர்கள் பத்தின பாட்டு! "ஜகதீச குருகுஹ" லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல். அதே ரீல் அமெரிக்க மலைப்பக்கம் போய் "லெதர் ப்ரீச்சஸ்" ஆச்சு, தோல் கால்சட்டை.

செஷன்ல ஒரு நாள் யாரோ லெதர் ப்ரீச்சஸ் ஆரம்பிச்சாங்க, எனக்கு வாய்ல குருகுஹன்னு வந்துது. சின்ன வயசுல டீச்சர் சொல்லிக்கொடுத்தது. பக்கத்துல இருந்தவர் என்னய்யா முணுமுணுக்கறன்னு கேட்டார், விளக்க அரை மணி நேரம் ஆச்சு. ஒண்ணு கவனிச்சீங்களா, தீட்சிதர் வார்த்தை போட்டதால இங்க மட்டும் பேரு அசையவே இல்ல, ஸ்காட்லாந்து பிரபுவோட ரீல் நம்ம ஊர்ல இனிமே எப்பவும் ஜகதீச குருகுஹ தான்.

கைல ட்யூன் இருக்கு, பேர் தெரியல. எப்படி கண்டுபிடிக்கறது?

பேரை வச்சு தேடாதீங்க, ஸ்வரத்தை வச்சு தேடுங்க. முதல் ரெண்டு பார் எடுத்து, தாளம் விழற இடத்து ஸ்வரத்தை மட்டும் எழுதுங்க, நடுவுல இருக்கற அலங்காரத்தை எல்லாம் விட்டுடுங்க, ஏன்னா அது வாசிக்கறவருக்கு வாசிக்கறவர் மாறும், எலும்பு மாறாது. டப்ளின்ல ப்ரெண்டான் ப்ராஹ்னக்ங்கற மெட்டு சேகரிப்பாளர் கம்ப்யூட்டர் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே இப்படி முக்கிய ஸ்வரங்களை நம்பராக்கி ஆயிரக்கணக்குல கார்டு எழுதி அடுக்கி வச்சார். இப்போ ட்யூன்பல்னு ஒரு ஆப் இருக்கு, போன் முன்னாடி வாசிச்சா பொருந்தற ட்யூன்களை காட்டும்.

மூணு இடத்துல ஏமாந்து போவீங்க. சில ஊர்ல முதல் பாகமும் ரெண்டாவது பாகமும் இடம் மாறி இருக்கும், அதனால ரெண்டையும் தேடுங்க. கீ மாறியிருக்கும், அதனால ஸ்வரத்தை சரிகமல யோசிங்க, இங்க தான் நம்ம ட்ரெய்னிங் உதவும், வெள்ளைக்காரங்களை விட நம்ம பசங்க வேகமா பிடிக்கறாங்க. மூணாவது, தாளமே மாறியிருக்கலாம், மார்ச்சா இருந்தது ரீலா ஓடும், அப்போ எந்த ஆப்பும் கைவிட்டுடும், காது தான்.

செஷன்ல பேர் சொல்லித் தான் ஆரம்பிக்கணுமா?

வேணாம். முதல் ரெண்டு பாரை மெதுவா வாசிச்சு காட்டுங்க, தெரிஞ்சவங்க சேர்ந்துப்பாங்க. முடிஞ்சதும் யாராவது ஒருத்தர் இதுக்கு எங்க ஊர்ல வேற பேருன்னு ஆரம்பிப்பார், அப்போ ஃபிடிலை மடியில வச்சுட்டு ஒரு காபி சொல்லிடுங்க, கொஞ்ச நேரம் ஆகும்.